குளியலறைச் சிவப்புக் கயிறு

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கண்டக்டரும் ஒரு காலத்தில் சிரித்தவர்தான். பேய் என்று யாராவது பேச்செடுத்தால், "கடைசி பஸ்ஸுல எத்தனை வருஷம் வந்திருக்கேன். டிக்கெட் எடுக்காம ஏறினவன் எல்லாம் மனுஷன்தான்" என்பார். அவர் தன் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் மசாலா சேர்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "ஒரு வார்த்தை கூட்டினாலும் பாதி வழியில இறக்கி விட்டுடுவேன்" என்று மிரட்டியிருக்கிறார். அதனால் கூட்டவில்லை.

கண்டக்டர் என்று ஊரே கூப்பிடும் அந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஒரு மழை நாளில் பின்படிக்கட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டு முதுகெலும்பு போனது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இடுப்புக்கு மேலே எல்லாம் பழையபடிதான் இருந்தது, மூக்கு நுனியில் நிற்கும் கோபம் உட்பட. வேலை போனபோது பையைத் திருப்பிக் கொடுத்தார். விசிலை மட்டும் கொடுக்கவில்லை. அது இன்னும் அவர் கழுத்தில் தொங்குகிறது.

விபத்துக்குப் பிறகு நான்கு வருடம் அண்ணன் வீட்டின் பின்அறையில் இருந்தார். அண்ணன் கெட்டவர் இல்லை, தங்கைக்காக உயிரை விடுகிறவர். ஆனால் அந்த வீட்டில் தண்ணீருக்கும் கேட்க வேண்டும், ஜன்னலைத் திறக்கவும் கேட்க வேண்டும். ஒரு நாள் குடும்பமே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். காலையில் விழுந்தவர் இருட்டும்வரை தரையிலேயே கிடந்தார். திரும்பி வந்து பார்த்த அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். மறுநாளே ஒரு பெரிய இல்லத்தில் தங்கைக்குக் கட்டில் பேசி முடித்துவிட்டார். ஒரு கூடத்தில் பத்துக் கட்டில்கள். எட்டு மணிக்கு விளக்கணைப்பு.

கண்டக்டர் மாட்டேன் என்றார். தானே நாலு இடத்தில் விசாரித்து, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று கட்டிய ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிக் கதவு, தனிச் சாவி. நாற்காலியில் இருந்தபடியே சமைக்கத் தாழ்வான மேடை. ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் அணைந்துவிடும் விளக்கு. கீழ்த்தளத்தில் ஒரு மேற்பார்வையாளர் அம்மா குடியிருப்பார். எல்லாவற்றையும் விட முக்கியமானது சிவப்புக் கயிறு. குளியலறைக் கூரையிலிருந்து தரை வரைக்கும் தொங்கும். விழுந்தவர் படுத்தபடியே இழுக்கலாம். இழுத்தால், கூடத்துச் சுவரில் இருக்கும் ஒலிப்பெட்டியில் ஒரு குரல் கேட்கும். பகலில் அது மேற்பார்வையாளர். மாலை ஆறுக்கு மேல் வேறு ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் உதவி மையத்துப் பெண்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். 'இவரால் தனியாக இருக்க முடியும்' என்று மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டால் வீடு நிரந்தரம். இல்லாவிட்டால் பத்துக் கட்டில் கூடம்.

பிரச்சினை கயிற்றிலேயே தொடங்கியது.

குடிவந்த முதல் மாதத்தில் இரண்டு தடவை கயிறு சக்கரத்தில் சிக்கி மணி அடித்துவிட்டது. மேற்பார்வையாளர் மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு ஓடி வந்தார்.

"என்னம்மா, எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நான் கூப்பிடலை. சக்கரம் கூப்பிட்டுச்சு."

"இப்படி அடிக்கடி நடந்தா, நான் என்னன்னு கையெழுத்துப் போடறது?"

அந்தப் பேச்சு கண்டக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. வாரம் ஒரு முறை வீடு துடைக்க வரும் பெண்தான் வழி சொன்னாள். "சுருட்டி மேல கட்டிடுங்கம்மா. துடைக்கறப்ப நாங்க எல்லா வீட்டுலயும் அப்படித்தான் பண்ணுவோம். பாதி நாள் அவிழ்க்க மறந்துடுவோம்." கயிற்றின் நுனியில் 'கட்டாதீர்கள்' என்று ஓர் அட்டை தொங்கியது. அட்டை புத்தம் புதிதாக இருந்தது. ஏன் புதிதாக இருக்கிறது என்று கண்டக்டர் யோசிக்கவில்லை. பணப்பை வாரில் போடும் முடிச்சைப் போட்டுக் கயிற்றை மேலே கட்டினார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. அதை அவிழ்க்க அவருக்கே ஒரு கத்தரி முனை வேண்டும்.

மறுநாள் காலையில் கயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மறுபடியும் கட்டினார். மறுநாளும் அப்படியே.

எதிர்வீட்டில் பார்வையில்லாத ஒரு பெரியவர் இருந்தார். வானொலியை நிறுத்தவே மாட்டார் என்பதால் ரேடியோக்காரர் என்று பெயர். ஒரு நாள் நடைவழியில் அவரே பேச்சுக் கொடுத்தார்.

"சாயங்காலம் உங்க வீட்டுக்கு யாராவது வர்றாங்களாம்மா?"

"யாரும் இல்லையே."

"வாக்கர் சத்தம் மாதிரி கேக்குது. ஏழு மணிச் செய்தி முடிஞ்சதும் ஆரம்பிக்கும். ஏழு பத்து இருக்கும்."

கண்டக்டர் சிரித்துவிட்டார். "நடக்கறதுக்கு எனக்குக் கால் வேணுமே ஐயா."

பெரியவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் வானொலிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அன்று மாலை கண்டக்டர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ஏழு பத்து.

டொக்... டொக்... சர்ர்ர்.

நிதானமான சத்தம். இரும்புக் குழாய் தரையில் தட்டுவது போல. பிறகு எதையோ இழுப்பது போல. குளியலறைப் பக்கமிருந்து வந்தது. போய்ப் பார்த்தார். ஆள் இல்லை. கயிறு மட்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளரிடம் இன்னொரு சாவி உண்டு. அவர்தான் விளையாடுகிறார் என்று கண்டக்டர் முதலில் சந்தேகப்பட்டார். பழைய டிக்கெட் ஒன்றை மடித்து வாசல் கதவின் இடுக்கில் செருகினார். யார் கதவைத் திறந்தாலும் அது விழுந்துவிடும். காலையில் டிக்கெட் செருகியபடியே இருந்தது. கயிறு அவிழ்ந்திருந்தது.

யாரிடம் சொல்வது? கயிறு தானாக அவிழ்கிறது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னால், கால்தான் தளர்ந்தது என்று பார்த்தால் மூளையும் தளர்ந்துவிட்டது என்பார். அண்ணனிடம் சொன்னால் அடுத்த மணி நேரத்தில் வண்டியோடு வந்து நிற்பார். கண்டக்டர் வாயை இறுக மூடிக்கொண்டார். பேயே ஆனாலும் தன் வீட்டு விவகாரத்தைத் தானே தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அவருக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். பயத்தை விடப் பெரியது அந்தப் பத்துக் கட்டில் கூடம்.

அடுத்த நாள் மாலை குளியலறைக் கதவை விரியத் திறந்துவைத்து, அதற்கு நேரெதிரே நாற்காலியை நிறுத்தினார். இரண்டு சக்கரங்களுக்கும் பிரேக் போட்டார். உள்ளே இருட்டாக இருந்தது. ஆள் இல்லையே, விளக்கு எரியாது.

ஏழு பத்து.

விளக்கு எரிந்தது.

உள்ளே யாரும் இல்லை. வெள்ளைத் தரை, குளியல் நாற்காலி, வாளி. மேலே இறுக்கிக் கட்டிய கயிறு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிச்சு நெகிழ்ந்தது. ஒரு சுற்று... இன்னொரு சுற்று... பொறுமையாக, விரல் வலிக்க அவிழ்ப்பது போல. நுனி தரையில் விழுந்து, அட்டை 'டக்' என்று தட்டியது.

கையும் ஓடவில்லை. கால் ஏற்கெனவே ஓடவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்து ஓங்கி ஊதினார்.

"யாரு அது? டிக்கெட் எடுத்தாச்சா?"

சத்தம் இல்லை.

"இது என் வீடு. வாடகை கட்டறது நான். என்னை இங்கேருந்து கிளப்பலாம்னு பார்க்கறியா? ஆள் மாறிப் போச்சு. இறங்கு."

விளக்கு அணைந்தது.

அன்று முதல் அது ஒரு சண்டையாகவே ஆகிவிட்டது. அவர் கட்டுவார், அது அவிழ்க்கும். அவர் திட்டுவார், அது தட்டும். இப்படியே சோதனைக் காலத்தின் கடைசி நாள் வந்துவிட்டது. மறுநாள் காலை மேற்பார்வையாளரும் அண்ணனும் வந்து உட்கார்ந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அந்த நாள் பார்த்துக் கயிறு மறுபடியும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நல்ல வேளை, மணி அடிப்பதற்குள் பிடித்துவிட்டார். கோபம் தலைக்கேறியது. கத்தரியை எடுத்தார். நாற்காலியிலிருந்து கை எட்டிய உயரத்தில் கயிற்றை வெட்டினார். வெட்டிய துண்டைச் சமையலறை இழுப்பறையில் போட்டு அடித்து மூடினார்.

"இப்ப அவிழ்த்துப் பாரு."

காலையில் அவர்கள் வருவதற்குள் மறுபடி முடிந்துவைத்துவிடலாம் என்று கணக்கு.

மாலையில் குளித்தார். நைட்டியைப் போட்டுக்கொண்டு, குளியல் நாற்காலியிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கைகளை ஊன்றினார். தினமும் செய்வதுதான். அன்றைக்கு மனசு மறுநாளில் இருந்தது. இடது பிரேக்கைப் போட மறந்துவிட்டார்.

நாற்காலி பின்னால் உருண்டது. அவர் முன்னால் விழுந்தார்.

வலது தோள் தரையில் மோதியது. கண்ணில் பூச்சி பறந்தது. உருண்டு போன நாற்காலி, உள்பக்கம் திறக்கும் கதவில் முட்டி அதைச் சாத்திக்கொண்டு நின்றது. குளிப்பதற்காகக் கழற்றி மாட்டிய விசில் கொக்கியில் தொங்கியது. எட்டாது.

"ரேடியோக்காரரே!"

எதிர்வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வலது கையை அசைக்க முடியவில்லை. அண்ணாந்து பார்த்தார். வெட்டிய கயிறு எங்கேயோ உயரத்தில் வாலாட்டிக்கொண்டு நின்றது.

கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கண்ணில் படவே படாது. சுவரின் அடியில், படுத்திருப்பவர் கை எட்டும் உயரத்தில் கீறல்கள். நகத்தால் கீறியவை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயிருந்தன. கயிறு தொங்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே.

அப்படியே அசையாமல் கிடந்தார்.

விளக்கு அணைந்தது.

இருட்டு. குழாய் சொட்டும் சத்தம். எதிர்வீட்டில் செய்தி முடிந்தது.

டொக்...

பக்கத்தில்.

டொக்... சர்ர்ர்.

விளக்கு எரிந்தது. அவர் அசையவே இல்லை.

யாரும் இல்லை.

விளக்கு அணைந்தது.

மூச்சு. அவருடையது இல்லை. தரையோடு தரையாக, முகத்துக்கு நேரே. யாரோ எதிரில் படுத்திருந்தார்கள்.

இடது உள்ளங்கையில் ஏதோ பட்டது. ஈரம். சில்லென்று. நூல் முறுக்கு. நுனியில் அட்டை.

கயிறு.

அந்த நேரத்திலும் கண்டக்டருக்கு வந்தது ஒரே நினைப்புதான். இதை இழுத்தால் விழுந்தது தெரியும். தெரிந்தால் கையெழுத்து இல்லை.

"மாட்டேன்," என்றார். "இழுக்க மாட்டேன். விடிஞ்சா நானே எழுந்திருப்பேன்."

அவர் விரல்களின் மேல் இன்னொரு கை மூடியது. எலும்பும் தோலுமான கை.

இழுத்தது.

கூடத்தில் ஒலிப்பெட்டி கரகரத்தது.

"உதவி மையம். சொல்லுங்கம்மா, என்ன ஆச்சு?"

கண்டக்டர் வாய் திறக்கவில்லை. பிடிவாதம் பாதி, பயம் பாதி.

"சரிம்மா..." என்றது பெட்டி.

சிறிது நேரம் அமைதி.

"புரியுதும்மா... எந்தத் தோள்?... வலது தோளா?"

அமைதி.

"நீங்க எவ்வளவு நேரமா கிடக்கறீங்க?"

அமைதி.

"ரெண்டு பேருமா?"

கண்டக்டர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மேற்பார்வையாளர் வந்து கதவைத் தள்ளித் திறந்தபோது உள்ளே கண்டக்டர் மட்டும்தான் இருந்தார். இடது கை மூடியிருந்தது. விரல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. கயிறு இல்லை.

காலையில் அண்ணன் வந்தார். தங்கையின் தோளில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"போதும்மா. பிடிவாதம் போதும். அங்க எப்பவும் சுத்தி நாலு பேர் இருப்பாங்க."

"உன் வீட்டுலயும் நாலு பேர் இருந்தீங்க, அண்ணா. காலையில விழுந்தேன், இருட்டினப்புறம் தூக்கினீங்க. உன்னைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை. நேத்து விழுந்தேன், கொஞ்ச நேரத்துல தூக்கிட்டாங்க. விழாம இருக்க நான் என்ன பொம்மையா? விழறவங்களுக்காகத்தானே இந்த வீட்டையே கட்டினாங்க?"

மேற்பார்வையாளர் குளியலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கயிறு மேல நிக்குது. வெட்டின துண்டு இழுப்பறையில இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எப்படிம்மா கூப்பிட்டீங்க?"

"வெட்டினது என் தப்பு. கூப்பிட்டது நான் இல்ல. எனக்கு முன்னால இங்க யார் இருந்தா? மறைக்காம சொல்லுங்க."

மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு நர்ஸம்மா. ரிட்டையர் ஆனவங்க. வாக்கர் வச்சு நடப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலம் குளியலறையில விழுந்துட்டாங்க. துடைச்ச பொண்ணு கயித்தை மேல கட்டினது கட்டினபடியே இருந்திருக்கு. நான் லீவுல இருந்தேன். திங்கட்கிழமைதான் கதவைத் திறந்தோம்."

அண்ணன் கையை நீட்டித் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டருக்குப் பேயின் மேல் இருந்த கோபமெல்லாம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இத்தனை நாள் யாரோடு சண்டை போட்டோம் என்று நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அட்டை மாட்டிட்டா ஆச்சா? கையெழுத்து அப்புறம் போடுங்க. சாவியை எடுங்க. எல்லா வீட்டையும் இப்பவே பார்க்கணும்."

பார்த்தார்கள். கண்டக்டர் ஒற்றைக் கையால் ஒரு சக்கரத்தை உருட்ட, அண்ணன் பின்னாலிருந்து தள்ளினார். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கயிறு மேலே கட்டியிருந்தது. ஒவ்வொன்றையும் அவிழ்க்கும்வரை அவர் வாசலை விட்டு நகரவில்லை. தயங்கி நின்றவர்கள் காதில் விசில் ஊதினார். அண்ணன் முதலில் கூச்சப்பட்டார், போகப் போக அவரே முன்னால் போய்க் கதவைத் தட்டினார். கடைசி வீடு ரேடியோக்காரருடையது. அவர் வீட்டுக் கயிறும் கட்டித்தான் இருந்தது.

கண்டக்டர் கிளம்பும்போது பெரியவர் வானொலியை அணைத்தார். "அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தச் சனிக்கிழமையும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. வாக்கர் சத்தம். ஞாயித்துக்கிழமையும் கேட்டுச்சு. நடந்துட்டு இருக்காங்கன்னு நினைச்சேன்."

மாலையில் கையெழுத்து ஆனது. வீடு நிரந்தரம். குளியலறையில் புதுக் கயிறு தரையைத் தொட்டுத் தொங்கியது. அண்ணன் கிளம்பும்போது, "ஜன்னலைச் சாத்திட்டுப் போகட்டுமா?" என்று வழக்கம் போல் கேட்டார். "வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்றார் கண்டக்டர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடு.

தனியானார். காத்திருந்தார். எதிர்வீட்டில் செய்தி ஓடவில்லை.

ஏழு பத்து.

ஒலிப்பெட்டி கரகரத்தது. அவர் கயிற்றின் பக்கமே போகவில்லை.

"உதவி மையத்துலேருந்து பேசறேம்மா. நேத்து பேசினது நான்தான். மறுநாள் நலம் விசாரிக்கறது எங்க வழக்கம். தோள் எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"நல்லதும்மா. கூட விழுந்து கிடந்தாங்களே, அந்த அம்மா எப்படி இருக்காங்க? என்கிட்ட அவங்கதான் பேசினாங்க. குரல் ரொம்பச் சன்னமா இருந்துச்சு. எவ்வளவு நேரமா கிடக்கறீங்கன்னு கேட்டேன். எனக்குப் பழகிடுச்சு, முதல்ல இந்தப் பிள்ளையைத் தூக்குங்க, அப்புறம் என்னைப் பார்த்துக்கலாம்னு சொன்னாங்க."

கண்டக்டர் கழுத்து விசிலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா? இருக்கீங்களா? அவங்களைத் தூக்கிட்டாங்க இல்ல?"

டொக்... டொக்...

"இல்லம்மா," என்றார் கண்டக்டர். "அவங்களை இன்னும் யாரும் தூக்கல."

குளியலறையில் விளக்கு எரிந்தது.

அவர் பிரேக்கை எடுத்தார். நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினார்.